மயிலுக்குப் போர்வை, கருப்பிக்கு ரெயின்கோட்

ரொம்ப நாள் கழிச்சுக் கடையைத் திறக்கிறேன். ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம்தான், நீங்க நம்ப மாட்டீங்க. சோம்பேறித்தனம், அவ்வளவுதான். ஆனா இந்தப் பதிவு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல பாதி எழுதின நிலையிலேயே கிடந்துச்சு. அதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஏன்னு படிச்சா உங்களுக்கே புரியும்.

மேட்டர் இதுதான். ஐப்பசி பொறந்து நாலு தூறல் விழுந்தா போதும், நம்ம ஊர் வாட்ஸப் குரூப் எல்லாத்துலயும் ஒரு படம் வந்துடும். மஞ்சக் கலர் ரெயின்கோட் போட்டுக்கிட்டு ஒரு தெருநாய் பாவமா நிக்கும். கீழே நாப்பது இதயம், இருபது கும்பிடு. "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று ஒரு பெரியவர் எழுதியிருப்பார். அப்படி ஒரு படம் எடுத்துப் போட்டு, நாப்பது இதயமும் வாங்கினவன் என்கிற தகுதியில சொல்றேன்: சென்னை மழைக்கும் சென்னைக் குளிருக்கும் (அப்படி ஒண்ணு இருக்கறதா வெச்சுக்குவோம்) நாய்க்குக் கோட் தேவையில்லை. பல நேரம் அது கெடுதல். அதுக்குத் தேவை வேற ஒண்ணு. அதை நாம கொடுக்கறதில்லை.

உடனே கல்நெஞ்சக்காரன்னு கிளம்பிடாதீங்க மக்களே. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

கருப்பியும் மஞ்சக் கோட்டும்

கருப்பி எங்க தெரு நாய். ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போகிட்ட இறங்கி, உள்ளே ரெண்டு மூணு சந்து வளைஞ்சு வந்தா எங்க அபார்ட்மெண்ட். அதுக்கு எதிர்ல இஸ்திரி வண்டி, பக்கத்துல டீக்கடை. இதுக்கு நடுவுல இருக்கிற முப்பதடி ரோடுதான் கருப்பியோட சாம்ராஜ்யம். உடம்பு முழுக்கக் கறுப்பு, நாலு பாதம் மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. 2024-ல கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, காதுல அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டோட திரும்பி வந்தா.

அந்த வருஷம் அக்டோபர் மழை ஆரம்பிச்சப்போ நானும் எங்க ஃப்ளோர் பசங்க ரெண்டு பேரும் காசு போட்டு ஆன்லைன்ல ஒரு ரெயின்கோட் வாங்கினோம். வெளியில பிளாஸ்டிக், உள்ளே மெத்து மெத்துன்னு துணி, வயித்துக்கு அடியில ஒட்டிக்கிற பட்டை. போட்டு விட்டோம். முதல் அஞ்சு நிமிஷம் சிலை மாதிரி நின்னா. அப்புறம் ரெண்டடி எடுத்து வெச்சு, திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. ஆபீஸ்ல கடைசி நிமிஷத்துல வேலையை மாத்திச் சொல்ற மேனேஜரை நான் பார்க்கிற அதே பார்வை :-)

படம் எடுத்தோம், குரூப்புல போட்டோம், இதயம் வாங்கினோம். வேலை முடிஞ்சதுன்னு மாடி ஏறிட்டோம்.

அடுத்த நாலு நாள் விட்டு விட்டு மழை. கோட்டைக் கழட்டிக் காயப்போட்டு மறுபடி மாட்டணும்னு எங்க மூணு பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை. அவன் பார்த்துப்பான்னு நான், நான் பார்த்துப்பேன்னு அவன். அஞ்சாவது நாள் காலையில இஸ்திரிக்குத் துணி கொடுக்கப் போனப்போ, இஸ்திரிக்கார அண்ணன்தான் சொன்னாரு: "தம்பி, அந்தப் பொண்ணு நேத்துலேர்ந்து சோறு திங்கலை. கிட்ட போனா நாறுது. அந்தச் சட்டையை முதல்ல கழட்டுங்க."

கழட்டினோம். அக்குள்லயும் நெஞ்சுக்கு அடியில பட்டை உரசின இடத்துலயும் முடி கொத்துக் கொத்தா உதிர்ந்து, தோல் செவந்து, சீழ் வெச்சு, கசகசன்னு இருந்துச்சு. உள்துணி பிழிஞ்சா தண்ணி வருது. கூடவே உண்ணி. ஆட்டோவுல போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா புண்ணைச் சுத்தி முடியை மழிச்சுக்கிட்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காம, "ஈரச் சட்டையை நாலு நாள் கழட்டாம நீங்க போட்டிருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வாய் வரலை. மாத்திரை, மருந்து ஷாம்பூன்னு மூணு வாரம் ஆச்சு சரியாக. கோட்டோட விலையைவிட வைத்தியச் செலவு நாலு மடங்கு. அதைக்கூட விடுங்க. வலி யாருக்கு?

அவ போட்டிருக்கிற கோட்டே தனி ரகம்

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை உக்காந்து படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கலாம். சாஃப்ட்வேர்காரன் புத்தி, ப்ரொடக்‌ஷன்ல வெடிச்ச பிறகுதான் மேனுவலைத் திறப்போம்.

நாயோட உடம்புச் சூடு சாதாரணமாவே 38-லேர்ந்து 39 டிகிரி சொச்சம். நமக்கு 37 சுத்தி. ஆக நாய் நம்மைவிடக் கொஞ்சம் சூடான பிராணி. நமக்கு ஏசியில விறைக்குதுன்னா அதுக்கும் விறைக்கும்னு அர்த்தம் இல்லை. அதோட முடிதான் அதோட கோட். குளிர் அடிக்கும்போது முடி சிலிர்த்து நிக்கும். முடிக்கு நடுவுல காத்து மாட்டிக்கும். அந்தக் காத்துதான் சூட்டைக் காப்பாத்துது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாய்களுக்கு இது ரெண்டு அடுக்கு. மேல தண்ணியை வழிய விடுற முரட்டு முடி, அடியில பஞ்சு மாதிரி மெல்லிசு முடி. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, அப்புறம் தெருவுல ஓடுற நாட்டு நாய்களுக்கு எல்லாம் குட்டை முடி. சூட்டைப் பிடிச்சு வெச்சுக்காது, ஆனா நனைஞ்சா சட்டுனு காஞ்சிடும்.

2005 ஜனவரியில இந்தியத் தபால்துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நம்ம ராஜபாளையம், கர்நாடகாவோட முதோல், உத்தரப் பிரதேசத்து ராம்பூர், கூடவே இமாலய மேய்ப்பு நாய். அந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இமாலயத்து நாய் கம்பளிக்குள்ள புகுந்த மாதிரி இருக்கும். ராஜபாளையம் பனியன் போட்ட மாதிரி இருக்கும். ஒரே நாடு, ரெண்டு தையல்காரர். ஊருக்குத் தக்கபடி அளவெடுத்துத் தைச்சாச்சு.

நம்ம ஊர் குளிர் எவ்வளவு? மார்கழி, தை மாச ராத்திரியில சராசரியா 20, 21 டிகிரி. சென்னையில இதுவரைக்கும் பதிவான குறைஞ்சபட்சமே 13.9 டிகிரிதான். அதுவும் 1895 டிசம்பர்லயும் 1905 ஜனவரியிலயும். நூறு வருஷத்துக்கு மேல அந்தப் பக்கம் போகவே இல்லை. இந்த ஊர்ல ஆரோக்கியமான வளர்ந்த நாய் குளிருக்குச் செத்துப்போகாது. அதோட பிரச்சினை குளிர் இல்லீங்க, ஈரம்.

ஈரம்னா என்ன ஆகும்? நனைஞ்ச முடி படிஞ்சுடும். நடுவுல இருந்த காத்து போயிடும். தண்ணி காத்தைவிட இருபது மடங்குக்கும் மேல சூட்டைக் கடத்தும். அதனால உடம்புச் சூடு கடகடன்னு வெளியே போகும். இதுக்கு நாய்கிட்ட ஒரு அட்டகாசமான வைத்தியம் இருக்கு. உதறல். நாம கிட்ட நிக்கும்போதுதான் கரெக்டா உதறும், தெரியும்ல? அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல டேவிட் ஹூ என்பவரோட குழு இதை வேகக் கேமராவுல படம் பிடிச்சு 2012-ல கட்டுரையா வெளியிட்டாங்க. ஒவ்வொரு மிருகமும் தன் சைஸுக்குத் தகுந்த வேகத்துல உதறுது. எலி செகண்டுக்கு முப்பது தடவை வாக்குல, லாப்ரடார் சைஸ் நாய் நாலஞ்சு தடவை. சில நொடியில உடம்புல இருக்கிற தண்ணியில முக்கால்வாசி வெளியே. வாஷிங் மெஷின்ல துணி பிழியற அதே தத்துவம். இதுல முக்கியமான விஷயம், எலும்பு மேல தோல் லூஸா இருக்கறதாலதான் அந்தச் சுழற்சி வேலை செய்யுது.

இப்போ அந்தத் தோல் மேல ஒரு கோட்டைப் போட்டு, வயித்துல பட்டை கட்டிட்டா? உதற முடியாது. கழுத்து வழியா இறங்கின தண்ணி உள்ளேயே கிடக்கும். அதுதான் கருப்பிக்கு நடந்தது.

உள்துணி நனைஞ்ச கோட்டு எப்படி வேலை செய்யும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கோடைக்காலத்துல மண்பானையைச் சுத்தி ஈரத்துணி கட்டுவாங்களே, எதுக்கு? தண்ணி சில்லுனு ஆகறதுக்கு. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். அதே ஈரத்துணியை நாயைச் சுத்திக் கட்டிட்டு, குளிராம இருக்கும்னு நாங்க நம்பினோம். எஞ்சினியரிங் நாலு வருஷம் படிச்ச மூணு பேர் சேர்ந்து நம்பினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மழை விட்டு வெயில் அடிச்சா இன்னொரு கூத்து. நமக்கு உடம்பு பூரா வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் வெளியேத்தணும். நம்ம ஊர் மழைக்கால வெயில்ல, காத்து பூரா ஈரமா இருக்கும்போது அதுவே பாதிதான் வேலை செய்யும். மேல பிளாஸ்டிக் வேற போட்டு மூடினா, இட்லிக் குண்டான்ல வெச்ச மாதிரி.

யாருக்குத்தான் கோட் வேணும்?

நியாயமாப் பேசணும். கோட்டே வேஸ்ட்டுன்னு நான் சொல்லலை. பஞ்சு மாதிரி அடிமுடி இல்லாத, ஒல்லியான, சின்ன நாய்களுக்கு, முடியை ஒட்ட வெட்டி விட்ட நாய்களுக்கு, வயசான, நோயாளி நாய்களுக்கு, குளிர்ப் பிரதேசத்துல கோட் தேவைதான். டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுற ஊட்டியில இருக்கிறவரு வீட்டு நாய்க்கு ஸ்வெட்டர் போட்டா அது ஷோ இல்லை. ராத்திரி அஞ்சு டிகிரிக்குக் கீழே போற டெல்லியில தெருநாய்க்குச் சணல் சாக்கைத் தைச்சு மாட்டி விடறாங்க, அதுவும் சரிதான். அங்கே குளிர் காய்ஞ்ச குளிர். நம்ம ஊர்லயும் வீட்டு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போகும்போது அரை மணி நேரம் ரெயின்கோட் போட்டு, வந்ததும் கழட்டித் துவட்டினா ஒண்ணும் ஆகாது. கழட்டறதுக்கு ஆள் இருக்கா என்பதுதான் கேள்வி. தெருநாய்க்கு அந்த ஆள் கிடையாது.

இன்னொண்ணு. அலாஸ்காவுல வருஷா வருஷம் இடிடராட்னு ஒரு நாய்ச் சறுக்கு வண்டிப் பந்தயம் நடக்குது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் சுமாருக்குப் பனியிலயே ஓட்டம். அங்கே நாய்க்குக் கால்ல உறை கட்டாயம். கோட்டும் வெச்சிருப்பாங்க. ஆனா ஒவ்வொரு தங்கும் இடத்துலயும் வண்டி ஓட்டுறவர் தவறாம பண்ற வேலை, வைக்கோலை உதறிப் பனி மேல பரப்பிப் படுக்கை போடுறது. காய்ஞ்ச படுக்கை. அது கிடைச்சா நாய் வாலை மூக்கு மேல போட்டுச் சுருண்டு, தன் சூட்டைத் தானே காப்பாத்திக்கும். நம்ம பாட்டிங்க ஊர்ல நாய் வைக்கப்போர்லயும் அடுப்புச் சாம்பல்லயும் போய்ப் படுத்துக்கும், பார்த்திருப்பீங்க. அலாஸ்காக்காரனும் நம்ம ஊர் நாயும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்காங்க. சென்னையில வைக்கப்போர் இல்லை. அதனால நம்ம நாய்ங்க வீடு கட்ட இறக்கின மணல் குவியல் உச்சியில ஏறிப் படுக்குது. தண்ணி வடிஞ்சுடற மேடான இடம். நாம அதைக் கல்லெடுத்து விரட்டறோம்.

சூடு ஒரு பெரிய விஷயமா இருக்கிற ஒரு கேஸ் நம்ம ஊர்லயும் உண்டு. பிறந்த குட்டிங்க. முதல் ரெண்டு வாரத்துக்கு நாய்க்குட்டியால தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது. ஒழுங்கா நடுங்கக்கூடத் தெரியாது. அம்மாவோட வயிறும் காய்ஞ்ச இடமும்தான் அதுக்கு உயிர். நனைஞ்சா, 23 டிகிரியே அதைக் கொல்லப் போதும்.

இது எனக்குப் படிச்சுத் தெரிஞ்சது இல்லை.

முன்கதை

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3-ஆம் தேதி ராத்திரி பிடிச்ச மழை 4-ஆம் தேதி முழுக்க விடலை. நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு அதைப் பத்தி ஒரு கதை இருக்கும். எங்க தெருவுல முழங்கால் தண்ணி. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கருப்பி அப்போ அஞ்சு குட்டி போட்டு பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். எதிர்ல பாதி கட்டி நின்னுபோன ஒரு கட்டிடத்தோட தரையிலதான் வெச்சிருந்தா. அங்கே தண்ணி ஏறிடுச்சு.

அவ ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு நீந்தி எங்க கேட்டுக்கு வந்தா. எங்க பார்க்கிங்லயும் கணுக்கால் அளவு தண்ணி. ஆனா மாடிப்படி லேண்டிங் காய்ஞ்சு இருந்துச்சு. அதுக்குப் போற இரும்பு கேட்டைப் பூட்டியிருந்தாங்க. நாய் உள்ளே வந்தா அசிங்கம் பண்ணும்னு அசோசியேஷன்ல முன்னாடியே போட்ட ரூல். வாட்ச்மேன் அண்ணன் பூட்டினாரு. அவர் வேலை அது, அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

நான் ரெண்டாவது மாடி. அவ ஊளையிடற சத்தம் ராத்திரி பதினோரு மணியிலேர்ந்து கேட்டுச்சு. கீழே இறங்கி, "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் திறந்து விடுங்க"ன்னு சொல்ல எனக்கு எடுக்கற நேரம் ஒரு நிமிஷம். இறங்கலை. இருட்டு, தண்ணி, பாம்பு இருக்கும், மத்தவங்க கேப்பாங்க, யாராச்சும் போவாங்க. இப்படி எனக்கு நானே சொன்ன காரணங்கள் எல்லாம் இப்பவும் வரிசையா ஞாபகம் இருக்கு. ஒரு மணி வாக்குல சத்தம் நின்னுச்சு. தூங்கிட்டேன்.

காலையில பார்த்தா கேட்டுக்கு வெளியே, மதில் சுவர் திட்டு மேல அவ குட்டிங்களைச் சுத்திச் சுருண்டு படுத்திருந்தா. அஞ்சுல ரெண்டுதான் அசைஞ்சுது. செத்த மூணையும் அவ நக்கிக்கிட்டே இருந்தா. இஸ்திரிக்கார அண்ணன்தான் வந்து எடுத்து அடக்கம் பண்ணினாரு.

பத்து மாசம் கழிச்சு நான் ஆன்லைன்ல கோட் தேடினதுக்குக் காரணம் இதுதான். கருப்பிக்குக் குளிருதுன்னு எனக்குத் தோணினது பொய். எனக்குத்தான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு.

பேகன் கதை

பேகனை எல்லாருக்கும் தெரியும். கடையெழு வள்ளல்ல ஒருத்தர், பழனி மலைப் பக்கத்து ராஜா, மயிலுக்குக் குளிருதுன்னு போர்வை கொடுத்தவர். ஸ்கூல்ல படிக்கும்போதே கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒருத்தன் கேட்பான்: "சார், மயில் அதை என்ன சார் பண்ணும்?" வாத்தியார் "உட்காருடா"ன்னுவாரு. அந்தக் கேள்வி பரணருக்கே தெரிஞ்சிருக்கு. மயிலுக்கு அதனால பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சும் கொடுத்தவன்னுதான் அவர் பேகனைப் பாராட்டறார்.

ஆனா ஸ்கூல்ல இன்னொரு பாதியைப் பெரும்பாலும் சொல்றதில்லை. அந்தப் பேகனுக்கு ஒரு மனைவி. பேர் கண்ணகி (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவங்க வேற). அவங்களை விட்டுட்டு அவர் வேற ஒரு பெண்ணோட இருந்தார். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார்னு நாலு புலவர்கள் அவங்களுக்காகப் பாடியிருக்காங்க. புறநானூறு 143-லேர்ந்து 147 வரைக்கும் இதேதான். அதுல 145-ஆவது பாட்டுல பரணர் பண்ற வேலையைப் பாருங்க. மயிலுக்குப் போர்வை கொடுத்தவனேன்னு கூப்பிட்டுட்டு, எனக்குப் பசியும் இல்லை, பரிசும் வேண்டாம், இன்னிக்கு ராத்திரி தேர் ஏறி வீட்டுக்குப் போ, அவ துயரத்தைத் தீர்த்து வை, அதுதான் நான் கேட்கிற பரிசுங்கிறார்.

கோட்டைக் கழட்டின அன்னிக்கு இது ஞாபகம் வந்து, ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போர்வை கொடுக்கறது சுலபம். தோள்லேர்ந்து எடுத்துப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். வீட்டுக்குப் போறதுதான் கஷ்டம். அதுக்கு நாம நம்மை மாத்திக்கணும்.

காருக்கு மட்டும் புரியுது

2024 அக்டோபர் மழைக்கு முன்னாடி வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க கார்களை வரிசையா நிறுத்தினாங்க, ஞாபகம் இருக்கா? போலீஸ் வந்தாலும் பரவாயில்லைன்னு நிறுத்தினாங்க. ஏன்? 2015 டிசம்பர்ல பட்ட அடி. அன்னிக்குத் தாம்பரத்துல ஒரே நாள்ல 490 மில்லிமீட்டர் பெய்ஞ்சுது. நம்ம பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாறு ஊருக்குள்ள வந்துச்சு. எத்தனை எஞ்சின் போச்சு!

யாராவது காருக்குக் கவர் போட்டுட்டுத் தண்ணியிலயே விட்டாங்களா? இல்லை. காருக்கு வேண்டியது சட்டை இல்லை, மேடான காய்ஞ்ச இடம்னு நமக்குத் தெளிவாத் தெரியும். நாய் விஷயத்துல மட்டும் இந்த அறிவு எங்கே போகுது? எங்கேயும் போகலை. இடம்னு சொன்னா நம்ம பார்க்கிங்கைக் கேக்கணும், நம்ம மாடிப்படியைக் கேக்கணும், அசோசியேஷன் மீட்டிங்ல எழுந்து நிக்கணும். கோட்டுன்னா யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்.

இதை ஒரு நாள் சோதிச்சே பார்த்துட்டேன். கருப்பி கோட் படத்துக்கு இதயம் போட்ட அதே குரூப்புல, மழை நாள்ல மட்டும் பைக் ஸ்டாண்ட் மூலையில ஒரு சாக்கு போட்டுக்கலாமான்னு கேட்டேன். ஒரு இதயம் வரலை. பதினாலு ஆட்சேபணை வந்துச்சு.

ஆட்சேபணை எல்லாம் அபத்தம்னும் சொல்ல மாட்டேன். "குழந்தைங்க விளையாடற இடம், கடிச்சா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான பயம். வெறிநோய் விளையாட்டு இல்லை, வந்தா மரணம்தான். அதனாலதான் ஊசி போட்ட, கருத்தடை பண்ணின நாய்க்கு மட்டும்னு சொன்னேன். "இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு ஒன்பது வரும்"னு செக்ரட்டரி சார் சொன்னாரு. அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. தெருநாய் தெருவுல இருக்கலாமா கூடாதாங்கிற சண்டை 2025-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஆகஸ்ட் மாசம் பதினோரு நாள் இடைவெளியில ரெண்டு விதமா உத்தரவு வந்த ஊர் இது. அந்தச் சண்டையை நான் இங்கே இழுக்கலை. அது எப்படி முடிஞ்சாலும், இன்னிக்கு ராத்திரி பெய்யற மழையில அந்த நாய் எங்கே நிக்கும் என்பது மட்டும்தான் என் கேள்வி.

இதுல நம்ம சுயநலமும் இருக்கு. தேங்கின தண்ணியில எலி மூத்திரம் கலந்தா எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நனைஞ்சே கிடக்கிற நாய்க்குப் புண்ணு வரும், அந்தப் புண்ணுல ஈ உட்கார்ந்து புழு வைக்கும். வலியில இருக்கிற நாய்தான் கிட்ட வர்றவங்களைச் சட்டுனு கடிக்கும். காய்ஞ்ச, தூங்கி எழுந்த நாய் தெருவுக்கே நல்லது.

சரி, என்னதான் பண்றது?

நாங்க பண்ணினதைச் சொல்றேன். பெரிய சாதனை ஒண்ணும் இல்லை.

ஒரு பழைய நீல டிரம், பழைய சாமான் கடையில வாங்கினது. பக்கவாட்டுல படுக்க வெச்சு, முன்பக்கம் பாதி வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காம தேய்ச்சு, அடியில நாலஞ்சு ஓட்டை போட்டோம், தண்ணி வடிய. செங்கல் மேல ஒரு முழ உயரத்துக்கு ஏத்தி வெச்சோம். டிரம் உருளாம இருக்க ரெண்டு பக்கமும் கல். உள்ளே காய்ஞ்ச சணல் சாக்கு, வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தறோம். வைக்கோல் கிடைச்சா இன்னும் நல்லது, ஈரம் தங்காது. பழைய பெட்ஷீட், போர்வை மட்டும் வேண்டாம். பாசமாத்தான் கொண்டு வந்து போடறோம், அது தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கிட்டு மறுபடி ஈரக் கோட் கதைதான். மீட்டர் பெட்டி, கரண்ட் வயர் பக்கம் வைக்கவே வைக்காதீங்க. அப்புறம், மழை நாள்ல வண்டி எடுக்கும்போது அடியில ஒரு தடவை பாருங்க. எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும்.

எங்கே வெச்சோம்? அபார்ட்மெண்ட்ல இல்லை. தீர்மானம் இன்னும் "பரிசீலனையில்" இருக்கு. வெச்சது இஸ்திரி வண்டிக்குப் பின்னாடி, அவரோட தார்ப்பாய்க்கு அடியில. இடம் கேட்கத்தான் தயங்கித் தயங்கிப் போனேன். "இதுக்கா தம்பி இவ்ளோ யோசிச்சீங்க? மழை பேஞ்சா அது எப்பவும் என் வண்டிக்கு அடியிலதான் படுக்கும், கரிச்சூடு இறங்கும்ல"ன்னாரு. அந்தப் புயல் ராத்திரி மட்டும் தண்ணி வருதுன்னு வண்டியை மெயின் ரோட்டு மேட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாராம். "நான் இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாரு. மாடியில இருந்தவன் நான். என்ன சொல்ல?

மஞ்சக் கோட் துவைச்சு மடிச்சு என் ஷெல்ஃப்லதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.

உங்க தெருவுல, உங்க அபார்ட்மெண்ட்ல இந்த விஷயத்தை எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. முக்கியமா, அசோசியேஷனைச் சம்மதிக்க வெச்சவங்க யாராவது இருந்தா, என்ன பேசினீங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்க. அடுத்த மீட்டிங்ல நான் அதை அப்படியே ஒப்பிக்கப் போறேன்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. உங்க நாய்க்குப் புண்ணோ நடுக்கமோ இருந்தா பதிவு படிக்காம கால்நடை மருத்துவர்கிட்ட போங்க.

டிஸ்கி 2: கருப்பியோட பிழைச்ச ரெண்டு குட்டியில ஒண்ணை டீக்கடை அக்கா எடுத்துக்கிட்டாங்க. இன்னொண்ணைக் காட்டுப்பாக்கத்துல ஒரு வீட்டுல வளர்க்கறாங்க. ரெண்டும் அம்மா மாதிரியே வெள்ளை சாக்ஸ் :-)